பின்பக்கம் சின்னக் கசிவு

அருள்செல்விக்கு ஏழு மாதமாக அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, நம் கையாலேயே கிள்ளினாலும் அடுத்தவர் கன்னத்தைக் கிள்ளுவது போல இருக்குமே, அப்படி இருந்தது அவளுக்கு, உச்சி முதல் உள்ளங்கால் வரை. அதற்காக அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று எண்ணிவிடாதீர்கள், என் செல்லங்களே. சோறு பொங்கினாள். கிளினிக்கில் டியூட்டி பார்த்தாள். கோயிலில் பூசை கண்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அழுதபோது எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் பாட்டுக்கு இருந்தாள், அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்தவர் அவள் புருஷன் ஞானையா. மணப்பாட்டுக்காரர். படகு என்ஜினில் கைபழகி, இருபத்தெட்டு வயதில் துபாய்க்கு வந்து, முப்பது வருடம் ஊரார் கார்களைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தவர். அவருக்கென்று இருந்தது ஒரே கார். 1969ஆம் வருடத்து மஸ்டாங். நீள மூக்கும் சரிந்த முதுகுமாக, எட்டு சிலிண்டரோடு உறுமுகிற அமெரிக்கக் கார். அவர் கைக்கு வந்தபோது அது உறுமவில்லை. சலாலாவில் ஒரு பண்ணைக்குப் பின்னால், கோழிகள் முட்டையிடுகிற வெறும் தகரக் கூடாகக் கிடந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்பது வருடம், வெள்ளிக்கிழமைகளில் மட்டும், அல் குசைஸில் கூட்டாளி ஹஸ்னைனின் ஒர்க்‌ஷாப்பில் வைத்து அதை ஆளாக்கினார். பிரேக் மாறியது, ஐந்து கியர் பெட்டி வந்தது, ஏசி வந்தது, இந்த ஊர் வெயிலுக்காக ரேடியேட்டரில் இரண்டு மின்விசிறி ஏறியது. நிறம் மட்டும் கம்பெனி நிறம் இல்லை. ஊரில் வள்ளத்துக்கு அடிக்கிற நீலப்பச்சை.

"வெளங்காத கலரு," என்றாள் அருள்செல்வி, முதல் தடவை பார்த்தபோது.

"தூரத்துல வந்தாலும் நம்ம வள்ளம்னு தெரியணும்லா," என்றார்.

மார்ச் பதினாலாம் தேதி, நோன்புக் காலத்து வெள்ளிக்கிழமை. விடியுமுன் சஹர் சாப்பாட்டை முடித்துவிட்டு ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. ஞானையா ஒர்க்‌ஷாப்பின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, காரை ஸ்டார்ட் செய்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. ஒன்பது மணிக்கு ஹஸ்னைன் வந்தபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இது எல்லாருக்கும் தெரியும்.

தெரியாதது ஒன்று உண்டு. அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். "ஏ செல்வி, தோளு ஒரு மாதிரி இழுக்கு. நெஞ்சு வேற எரியி." அருள்செல்வி இருபத்தொன்பது வருட நர்ஸ். உள்ளே நுழைகிறவரின் முகத்தைப் பார்த்தே கட்டிலா நாற்காலியா என்று தீர்மானிக்கிற கேஷுவல்டி நர்ஸ். முன்பின் தெரியாத ஒருவர் வந்து இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் ஈசிஜி எடுத்திருப்பாள். சொன்னது புருஷன். அவள் தலை வாரிக்கொண்டே, "நேத்து ராத்திரி பரோட்டா திங்காதியன்னு சொன்னேனா இல்லியா? வாய்வுதான். இந்தாங்க, இதச் சப்புங்க," என்று இரண்டு மாத்திரையை எடுத்து நீட்டினாள். அவர் சப்பினார். அவள் பஸ் பிடிக்கப் போனாள்.

அடக்கத்தன்று மகள் பெர்சி கேட்டாள். "டாடிக்கு வலிச்சிருக்காதுல்லம்மா? முன்னாடி ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது," என்றாள் அருள்செல்வி.

பெர்சிக்கு இருபத்துமூன்று வயது. அப்பா பிள்ளை. அவளிடம் உண்மையைச் சொன்னால், மிச்சம் இருக்கிற இந்த ஒரு முகமும் திரும்பிக்கொள்ளும். உடம்பெல்லாம் மரத்துக் கிடந்தவளுக்கு மரக்காமல் இருந்தது அந்தப் பயம் ஒன்றுதான்.

கோர்ட்டில் வாரிசுப் பேப்பர் கைக்கு வர அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் ஹஸ்னைன் ஒர்க்‌ஷாப்பை அடுத்த மாதம் அஜ்மானில் ஒரு குறுகலான இடத்துக்கு மாற்றுவதென்று ஆகிவிட்டது. ஃபிளாட்டின் கீழே ஒரு சின்னக் கார் நிறுத்தவே அடிதடி.

"ஆன்லைன் ஏலத்துல போடலாம்மா," என்றாள் பெர்சி. "ஏழு நாள் ஓடும். எல்லா நாட்டுலேர்ந்தும் பாப்பாங்க. கமெண்ட்ல கேள்வி கேட்டா நம்ம பதில் சொல்லணும்."

"போடு," என்றாள் அருள்செல்வி. யாரோ வீட்டுப் பண்டத்தைப் பற்றிக் கேட்டது போல இருந்தது அவளுக்கு.

ஏலக்காரர்கள் அனுப்பிய போட்டோகிராபர் வந்த அன்று ஹஸ்னைன் அதிகாலையிலேயே ஒர்க்ஷாப்புக்கு வந்து, காரின் என்ஜினுக்குக் கீழே தரையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பெட்ரோல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். பெஷாவர்க்காரன். அவன் ஹிந்தியில் பேசுவான், அவளை பாபி, அதாவது அண்ணி, என்பான்; அருள்செல்வியும் ஹிந்தியிலேயே பதில் சொல்வாள். நாம் நம் தமிழில் கேட்டுக்கொள்வோம்.

"என்ன பண்ணுதீங்க பாய்?"

"மேக்கப், பாபி. கல்யாணப் பெண்ணை மூக்கு ஒழுகக் காட்டலாமா?"

பெர்சி மடிக்கணினியைத் திறந்து, காரைப் பற்றிக் கம்ப்யூட்டரே எழுதித் தந்திருந்த ஒரு பக்கத்தை வாசித்தாள். பாலைவனத்தின் சிங்கமாம். உலோகத்தில் ஒரு கவிதையாம்.

"இது யாரப் பத்திட்டி?"

"நம்ம காரப் பத்திதாம்மா."

"சிங்கம் எண்ணெய் ஒழுக்குமா?"

ஹஸ்னைன் சிரித்தான். அருள்செல்வி சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்று. டியூட்டி முடிந்து போகிற நர்ஸ், டியூட்டிக்கு வருகிற நர்ஸிடம் நோயாளியை ஒப்படைப்பாளே, அந்த ஹேண்டோவர். கட்டில் கட்டிலாகக் கூட்டிப் போய்ப் பெயர், வயது, என்ன உபத்திரவம், எப்போதிருந்து, என்ன கொடுத்தோம், என்ன கொடுக்கவில்லை, எல்லாம் சொல்ல வேண்டும். ஒன்றை மறைத்தால் அடுத்த டியூட்டியில் ஓர் உயிர் போகலாம். புதிதாக வரும் பெண்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

ஹஸ்னைனிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். "பெயர், மஸ்டாங். வயது ஐம்பத்தாறு. என்ஜினின் பின்பக்க சீலில் கசிவு, மார்ச் மாதத்திலிருந்து, பழுது பார்க்கவில்லை. இடது கதவு, கொஞ்சம் தூக்கி மூடினால்தான் மூடும். காலையில் பெடலை இரண்டு மிதி மிதித்துவிட்டுச் சாவி போடவும். பெட்ரோல் முள் பொய் சொல்லும். கால் என்று காட்டினால் காலி என்று அர்த்தம். ஏசி நன்றாக இருக்கிறது. வயிறு பெரிது, நிறையக் குடிக்கும்."

அருள்செல்வி அதை வாசித்துச் சொல்ல, பெர்சி இங்கிலீஷில் தட்டத் தட்ட, ஹஸ்னைன் தலையில் அடித்துக்கொண்டான். "பாபி, நீங்கள் விற்கிறீர்களா, டிஸ்சார்ஜ் பண்ணுகிறீர்களா?"

"கறையத் துடைக்காதீங்க பாய். அதையும் படம் எடுக்கட்டும்."

பிறகு போட்டோகிராபர் ஞானையாவின் நோட்டை எடுத்தான். ஒன்பது வருடமும் எந்த வெள்ளிக்கிழமை எந்தப் போல்ட்டைத் தொட்டார் என்பது வரை தமிழில் எழுதிவைத்த நோட்டு. இப்படி ஒரு நோட்டு இருந்தால் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வருமாம். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் படம் எடுத்தான். கடைசிப் பக்கம் வந்தது. அருள்செல்வி அதுவரை அதைத் திறந்து பார்த்ததில்லை.

"14.3 வெள்ளி. காலை 6.32 ஸ்டார்ட். பின்பக்கம் சின்னக் கசிவு. அடுத்த வெள்ளி பாக்கணும். தோள் வலி. செல்வி மாத்திரை குடுத்தா. இப்பம் பரவால்ல."

ஊரான் காரில் ஒரு சொட்டு ஒழுகினால் ராப்பகலாகப் படுத்துக் கிடந்து பார்க்கிற மனுஷன். தன் காருக்கு, அடுத்த வெள்ளி.

"லாஸ்ட் பேஜ்ல என்னம்மா?" என்றாள் பெர்சி. பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே. தமிழ் பேசுவாள், வாசிக்க வராது.

"ஸ்டார்ட் பண்ணுன நேரம். பின்பக்கம் சின்னக் கசிவு. அடுத்த வெள்ளி பாக்கணும்."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

கேமரா கிளிக்கென்றது. அந்தப் பக்கத்தை விட்டுவிடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. இந்த ஊரில் தமிழ் நோட்டை எவன் வாசிக்கப்போகிறான் என்றும் இருந்திருக்கும். எப்படியோ, இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் ஹேண்டோவரில் ஒரு வரி விட்டுப்போனது.

ஏலம் தொடங்கியது. மார்ச் பதினாலாம் தேதி ஓடுகிற என்ஜினுக்கு முன்னால் டாடி போய்ச் சேர்ந்ததையும் பெர்சி இரண்டு வரியில் போட்டிருந்தாள். அந்த ஒழுகல் படத்தையும் பொய் சொல்லும் முள்ளையும் பார்த்துவிட்டு ஆட்கள் ஓடுவார்கள் என்று ஹஸ்னைன் நினைத்தான். யாரும் ஓடவில்லை. குவைத்திலிருந்து ஒருவர், "இவ்வளவு சொல்கிறவர் வேறெதையும் மறைத்திருக்கமாட்டார்" என்று போட்டார். பெர்சி அதை வாசித்துக் காட்டியபோது அருள்செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு கோணிவிட்டது, உதறி மறுபடியும் மடித்தாள். ஜெர்மனியிலிருந்து ஒருவர் பெயின்டின் கம்பெனி நம்பர் கேட்டார்.

"நம்பர் கிடையாது, மணப்பாட்டு வள்ளத்துக் கலருன்னு போடு," என்றாள் அருள்செல்வி. பெர்சி அப்படியே போட்டாள். அதற்கு நாற்பது பேர் லைக் போட்டார்கள்.

நாலாம் நாள் சனிக்கிழமை. அருள்செல்வி மதியத்துக்குச் சீலா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பெர்சி போனோடு அடுக்களைக்கு வந்தாள்.

"அம்மா, யாரோ தமிழ்ல கமெண்ட் போட்டிருக்காங்க. கௌஸ் முகைதீன்னு பேரு, பக்கத்து நாட்டு ரூவிலேர்ந்து. டிரான்ஸ்லேட் அழுத்திப் பாத்தேன். 'நோட்டின் கடைசிப் பக்கத்தை வாசித்தேன். மனசு பாரமாக இருக்கிறது. உங்களைத் தொந்தரவு செய்ய விருப்பமில்லை. என்ஜினுக்காக ஒன்று மட்டும் கேட்கிறேன், அன்று அது எவ்வளவு நேரம் ஓடியது, சூடு ஏறியதா?' அப்டின்னு வருது." பெர்சி போனிலிருந்து கண்ணை எடுத்தாள். "சின்னக் கசிவுக்கு ஒரு ஆளுக்கு மனசு பாரமாகுமாம்மா?"

அருள்செல்வி கத்தியைக் கழுவி வைத்தாள். கையைக் கழுவினாள். துடைத்தாள். போய் நோட்டை எடுத்துவந்து மேசையில் விரித்து, விரலை வைத்து, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். தோள் வலி. செல்வி மாத்திரை குடுத்தா. இப்பம் பரவால்ல.

பெர்சி நின்றபடியே இருந்தாள். அருள்செல்வி நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கட்டிலருகே நின்று சொல்கிற அதே குரல், ஏற்றமில்லை, இறக்கமில்லை.

"காலை அஞ்சு மணி. தோள் இழுப்பு, நெஞ்செரிச்சல். அவியளே வந்து சொன்னாவ. வேர்வை இருக்கான்னு பாக்கல. நாடி பிடிக்கல. பிரஷர் எடுக்கல. எந்தத் தோளுன்னுகூடக் கேக்கல. வாய்வுன்னு சொல்லி ரெண்டு மாத்திரை குடுத்தேன். அஞ்சே முக்காலுக்கு நான் டியூட்டிக்கு எறங்கிட்டேன்."

"நீங்க நர்ஸ்மா."

"ஆமா."

"நீங்க நர்ஸ்."

"ஆமாட்டி."

பெர்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அருள்செல்வி நோட்டை மூடினாள். பயந்தது வந்துவிட்டது, இனிப் பயப்படவும் ஒன்றுமில்லை. எழுந்துபோய் மிச்ச மீனை வெட்டினாள். துண்டுகள் ஒரே அளவாக விழுந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கதவோரம் வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. முகம் வீங்கியிருந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அவருக்குப் பதில் போடணும். சொல்லுங்க."

ஹஸ்னைனை போனில் பிடித்தார்கள். 6.32க்கு ஞானையா, வெள்ளிக்கிழமைதோறும் அனுப்புவது போல, ஸ்டார்ட் ஆன சத்தத்தை அவனுக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்பியிருக்கிறார். 9.05க்கு ஹஸ்னைன் சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறான். இரண்டரை மணி நேரம்.

"சூட்டு முள்ளு எங்க நின்னுது பாய்?"

"நடுவில், பாபி. ஒரு நூல்கூட ஏறவில்லை. அவன் பூட்டின விசிறி இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தன." பிறகு மூக்கை உறிஞ்சினான். "கலாஸ், அவ்வளவுதான். வேறென்ன வேண்டும்?"

"தரையில எண்ணெய்?"

"உள்ளங்கை அளவு."

பெர்சி எல்லாவற்றையும் தட்டினாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "அதுக்கு முன்னாடி உள்ளது? அஞ்சு மணிக்கு உள்ளதும் போடணுமா?"

"அது வண்டிக்கு உள்ளதில்ல."

"பின்ன யாருக்கு உள்ளது?"

"உனக்கு உள்ளது," என்றாள் அருள்செல்வி.

பெர்சி ஒரு விரலால் பட்டனைத் தட்டிப் பதிலை அனுப்பினாள். அதற்கப்புறம் அம்மாவிடம் அவள் பேசவில்லை. காலையில் போனாள், மாலையில் வந்தாள், தட்டைக் கழுவி வைத்தாள். ரூவிக்காரர் அன்றைக்கே பதில் எழுதியிருந்தார்: "விசிறி பூட்டிய கைக்கு என் சலாம்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஏலம் முடிகிற நேரம். அருள்செல்வி டியூட்டி ரூமில் உட்கார்ந்து போனைப் பார்த்தாள். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் கடிகாரம் மறுபடியும் இரண்டு நிமிடத்துக்குப் போகிறது. குவைத்துக்காரர் ஏற்றுவார், ரூவிக்காரர் ஏற்றுவார். அப்படியே இருபது நிமிடம் இழுத்தது. பிறகு குவைத்து மௌனமாகிவிட்டது. கார் கௌஸ் முகைதீனுக்கு. நல்ல விலைதான். ஹஸ்னைன் வாய்ஸ் மெசேஜில் கத்தினான், ஊளையிட்டான். அருள்செல்வி போனைப் பைக்குள் போட்டுவிட்டு, காய்ச்சலோடு வந்திருந்த ஒரு கைக்குழந்தையின் கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் கௌஸ் முகைதீன் ஒர்க்ஷாப்புக்கு வந்தார். அறுபது வயதிருக்கும், ரூவியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. "நமக்குக் காயல்பட்டினம்மா. ஒங்க ஊருக்கு ஒரு எட்டு," என்றார். கார் ஏற்றுகிற ரெக்கவரி லாரி தெருவில் நின்றது. ஹஸ்னைன் அதற்கு வழி காட்டிக்கொண்டிருந்ததால் அருள்செல்வியே ஷட்டரைத் தூக்கினாள். பாதியில் சிக்கியது. தோளைக் கொடுத்து ஒரே எக்காக எக்கினாள்.

திரும்பிப் பார்த்தபோது பெர்சி தெருமுனையில் டாக்ஸியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை. எதிர்ச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அருள்செல்வி காரின் தலைமாட்டிலிருந்து தொடங்கினாள். கதவு, பெடல், முள், சீல். ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினாள். வந்த மனுஷர் புது நர்ஸ் மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். கடைசியில் நோட்டைக் கொடுத்தாள்.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "அந்தக் கடசிப் பக்கம் மட்டும் நீங்க வச்சுக்கிறீங்களாம்மா? அது ஒங்க வூட்டுக் காரியம்."

"கிழிக்காதீய. முழுசா இருக்கட்டும். பின்ன, அந்தக் கசிவு..."

"இன்னைக்கே இறக்கிப் பாத்துருவேன். வெள்ளிக்கிழமைக்கு வைக்கமாட்டேன்."

கார் லாரியில் ஏறியது. சங்கிலி பூட்டினார்கள். தெருக்கோடி வரை, சிக்னல் வரை, அதற்கும் அந்தப் பக்கம் பாலத்தில் ஏறும் வரை, அத்தனை வெள்ளை வண்டிகளுக்கு நடுவே அந்த நீலப்பச்சை தெரிந்துகொண்டே இருந்தது. ஹஸ்னைன் தோள்துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டான். அருள்செல்வி பார்த்துக்கொண்டு நின்றாள். கை தன்பாட்டில் தோளைத் தடவியது.

"என்னாச்சு?"

பெர்சி. பக்கத்தில் நின்றாள். ஒரு வாரத்தில் முதல் பேச்சு.

"ஒண்ணுமில்ல. ஷட்டர இழுத்தது."

"எந்தத் தோள்?"

"அட, ஒண்ணுமில்லட்டி."

"எந்தத் தோள்மா?"

"இடது."

"வாய்வா?" என்றாள் பெர்சி.

பெர்சி கையை நீட்டி ஒரு டாக்ஸியை நிறுத்தினாள். "ஏறுங்க."

ஏறினாள். வழியெல்லாம் பெர்சி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, போனில் நொடி முள்ளைப் பார்த்து எண்ணினாள். பிடித்த இடம் சரியில்லை. அருள்செல்வி அந்த விரல்களை எடுத்து நாடியின் மேல் சரியாக வைத்தாள். போய் இறங்கியது அவள் வேலை பார்க்கிற கிளினிக்கில்தான். கேஷுவல்டியில் ராதிகா டியூட்டி. அருள்செல்வியிடம் வேலை கற்ற பெண்.

"சிஸ்டர், இன்னைக்கு உங்களுக்கு ஆஃப்தானே? யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

பெர்சி முந்திக்கொண்டாள். "பேஷன்ட் இவங்கதான். அருள்செல்வி, அம்பத்திநாலு வயசு. இடது தோள் வலி, அரை மணி நேரமா. ஷட்டர் இழுத்ததுன்னு சொல்றாங்க. வேர்வை இல்ல. நாடி எம்பத்திநாலு. மாத்திரை எதுவும் குடுக்கல."

ராதிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டிலைக் காட்டினாள்.

அருள்செல்வி படுத்தாள். எத்தனையோ பேரை அந்தக் கட்டிலில் படுக்கவைத்திருக்கிறாள். கூரையில் ஒரு குழல்விளக்கு துடித்துக்கொண்டிருப்பதை இன்றுதான் பார்த்தாள். ராதிகா ஈசிஜி வில்லைகளை நெஞ்சில் ஒவ்வொன்றாக ஒட்டினாள்.

"சில்லுன்னு இருக்கு," என்றாள் அருள்செல்வி.

"அப்படித்தான் இருக்கும் சிஸ்டர்."

இயந்திரம் கரகரவென்று தாளைத் தள்ளியது. ராதிகா கையை நீட்டுவதற்குள் பெர்சி அதைக் கிழித்து எடுத்துக்கொண்டாள். மேலும் கீழுமாக ஓடுகிற கோடுகள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். தமிழ் நோட்டைப் போலத்தான் இதுவும் அவளுக்கு. கட்டிலோரம் வந்து, அதை அம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"வாசிங்க," என்றாள். "ஒண்ணு விடாம. கடைசி வரைக்கும்."

அருள்செல்வி தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். முதல் துடிப்பில் விரலை வைத்து, வாசிக்கத் தொடங்கினாள்.